அலாங் கடற்கரையின் இரண்டு கணக்கேடுகள்

1983 பிப்ரவரி 13 அன்று 'கோட்டா டென்ஜோங்' என்னும் சரக்குக் கப்பல் குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்திலுள்ள அலாங் கடற்கரையில் ஏறி நின்றது. அது வழிதவறி வந்த கப்பலன்று, உடைக்கப்படுவதற்காகவே கரையேற்றப்பட்டது. அதன்பின் வந்த நாற்பது ஆண்டுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்கள் அதே கரையில் உடைபட்டு, கம்பியாகவும் தகடாகவும் கட்டிலாகவும் மேசையாகவும் இந்தியாவின் ஊர்களுக்குள் சென்று சேர்ந்தன.

பயன் முடிந்த பொருள் குப்பைமேட்டுக்குச் செல்லாமல் மீண்டும் மூலப்பொருளாக மாறும் அமைப்பை மேலாண்மைத் துறையினர் இன்று 'சுழற்சி விநியோகச் சங்கிலி' என்கின்றனர். இலாபமும் சுற்றுச்சூழல் நலனும் அதில் ஒருங்கே கைகூடுமா என்பது அத்துறையின் மைய வினாக்களுள் ஒன்று. பெரும்பாலான ஆய்வுகள் இவ்விரண்டையும் ஒரு தராசின் இரு தட்டுகளாகவே கொள்கின்றன: ஒன்று உயர்ந்தால் மற்றொன்று தாழும், ஆய்வாளரின் பணி நடுநிலைப் புள்ளியைக் கண்டறிவது. அலாங்கின் வரலாறு இந்த உவமையை ஐயுறச் செய்கிறது. அங்கே இலாபமும் சுற்றுச்சூழல் நன்மையும் ஒரே இரும்புத் தகட்டிலிருந்தே பிறந்தன. தீங்குதான் வேறொரு ஏட்டில் எழுதப்பட்டது. பல ஆண்டுகள் எழுதப்படாமலும் விடப்பட்டது. அந்த இரண்டாம் ஏட்டை முதல் ஏட்டோடு சேர்த்துப் படிக்கவைத்த நெடும் முயற்சியே இக்கட்டுரையின் பொருள்.

கப்பல் உடைப்பு தொடக்கத்தில் ஏழை நாடுகளின் தொழிலாக இருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பல்கள் கட்டப்பட்ட நாடுகளிலேயே அவை உடைக்கவும்பட்டன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் போர்க்கப்பல்கள் பெருமளவில் பிரிக்கப்பட்டன. கூலி உயர்ந்து, தொழிலாளர் பாதுகாப்பு விதிகளும் கடுமையானபோது தொழில் கிழக்கு நோக்கி நகர்ந்தது. 1970-களில் தைவானின் காவ்சியுங் துறைமுகம் உலகின் முதன்மையான கப்பல் உடைப்பு மையமாயிற்று. அங்கே 1986-இல் எண்ணெய்க் கப்பலொன்று வெடித்து உயிர்ப்பலி நேர்ந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் தைவான் இத்தொழிலைக் கைவிடத் தொடங்கியது. பாகிஸ்தானின் கடானி, வங்கதேசத்தின் சிட்டகாங், இந்தியாவின் அலாங் ஆகிய மூன்று கரைகள் அவ்விடத்தைப் பிடித்தன. ஒரு நாட்டில் பாதுகாப்பின் செலவு கூடும்போதெல்லாம் தொழில் அச்செலவு இல்லாத இடத்துக்குப் பெயர்ந்திருக்கிறது என்பதை இந்த வரிசை காட்டுகிறது.

அலாங்குக்கு அந்த வாய்ப்பை அளித்தது கடல். காம்பே வளைகுடாவில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையேயான உயர வேறுபாடு ஏறத்தாழ 10 மீட்டர். உலகின் மிகப் பெரிய ஓத வேறுபாடுகளுள் இதுவும் ஒன்று. கரை மெல்லச் சரிகிறது, அடித்தளம் உறுதியானது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பேரோதத்தின்போது கப்பலை முழு வேகத்தில் கரை நோக்கிச் செலுத்தினால் அது தன் எடையாலேயே நிலைகொள்ளும். கடல் வற்றியதும் தொழிலாளர்கள் நடந்தே அதன் அடிப்பகுதியை அடையலாம். உலர்துறை கட்டத் தேவையில்லை. பெரும் பாரந்தூக்கிகள்கூடத் தொடக்கத்தில் வேண்டியிருக்கவில்லை. வேறு நாடுகளில் பெரும் முதலீட்டால் செய்ய வேண்டியதை இங்கே நிலவும் கடலும் கூலியின்றிச் செய்தன.

1982-இல் அமைக்கப்பட்ட குஜராத் கடல்சார் வாரியம் இக்கரையை மனைகளாகப் பிரித்துக் குத்தகைக்கு அளித்தது. பழைய கப்பல்களின் இறக்குமதி நெடுங்காலம் நடுவண் அரசு நிறுவனமான உலோகக் கழிவு வணிகக் கழகத்தின் வழியாகவே நடைபெற்றது. 1991-இல் பொருளாதாரக் கொள்கை மாறியபோது அந்த ஏற்பாடு நீங்கியது. உடைப்போர் உலகச் சந்தையில் நேரடியாகக் கப்பல் வாங்கத் தொடங்கினர். 1990-களில் அலாங் உலகின் மிகப் பெரிய கப்பல் உடைப்புத் தளமாக வளர்ந்ததில் இந்தக் கொள்கை மாற்றத்துக்குப் பெரும் பங்குண்டு. 2011–12 நிதியாண்டில் மட்டும் அங்கு 415 கப்பல்கள் வந்தன, அதுவே உச்சம்.

சுழற்சி என்னும் சொல் கல்விப்புலத்தில் பரவுவதற்கு முன்பே அலாங்கில் சுழற்சி ஏறக்குறைய முழுமையாக நிகழ்ந்துவந்தது. ஒரு கப்பலின் வெற்று எடையில் மிகப் பெரும்பகுதி எஃகு. அதைத் தொழிலாளர்கள் எரிவாயுச் சுடரால் தகடு தகடாக வெட்டுகின்றனர். நல்ல தகடுகள் பாவ்நகர், சீஹோர் வட்டார உருட்டாலைகளுக்குச் செல்கின்றன. அங்கே அவை உருக்கப்படுவதில்லை. உலையில் செஞ்சூடேற்றப்பட்டு, உருளைகளின் இடையே செலுத்தப்பட்டுக் கம்பிகளாகின்றன. இரும்புத் தாது தோண்ட வேண்டியதில்லை. கல்கரி எரிக்க வேண்டியதில்லை. உருக்குவதற்கான வெப்பமும் மிச்சமாகிறது. உருட்ட இயலாத துண்டுகள் மட்டுமே உருக்காலைக்குப் போகின்றன. செம்பும் பித்தளையும் தனித்தனியே விலைபோகின்றன. மின்னாக்கிகள் வேறு தொழிற்சாலைகளில் மறுவாழ்வு பெறுகின்றன. திராபஜிலிருந்து அலாங் செல்லும் சாலையின் இருமருங்கிலும் கப்பல்களிலிருந்து எடுத்த கட்டில், மெத்தை, சமையற்பாத்திரம், கண்ணாடி, உயிர்காப்பு மிதவை ஆகியவற்றை விற்கும் கடைகள் கிலோமீட்டர் கணக்கில் நீள்கின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இவற்றில் எதையும் யாரும் சுற்றுச்சூழலுக்காகச் செய்யவில்லை. விலை இருந்ததால் ஒவ்வொரு பொருளும் மீட்கப்பட்டது. தாதையும் ஆற்றலையும் மிச்சப்படுத்திய அதே செயல்தான் உடைப்போருக்கு இலாபத்தையும் ஈட்டித் தந்தது. மீட்கத்தக்க பொருளைப் பொறுத்தவரை இலாபத்துக்கும் சூழல் நலனுக்கும் இடையே முரண் ஏதும் தோன்றவில்லை. முரண் தோன்றியது மீட்க முடியாத பொருள்களில். விற்பனை விலையற்ற, அகற்றுவதற்கு மட்டும் செலவு வைக்கும் பொருள்களில்.

1970-களுக்கு முன் கட்டப்பட்ட கப்பல்களில் வெப்பக்காப்புக்காக அஸ்பெஸ்டாஸ் தாராளமாகப் பயன்படுத்தப்பட்டது. மின்கம்பி உறைகளிலும் பழைய மின்கருவிகளிலும் பி.சி.பி. எனப்படும் நச்சு வேதிப்பொருள்கள் இருந்தன. வண்ணப்பூச்சில் ஈயம், கப்பலின் அடிப்பகுதியில் கடலுயிர்கள் ஒட்டாதிருக்கப் பூசிய கரிம வெள்ளீயச் சேர்மங்கள், தொட்டிகளின் அடியில் எண்ணெய்க் கசடு. ஓதப் பகுதியில் கப்பல் வெட்டப்படும்போது கசிவது அனைத்தையும் அடுத்த ஏற்றம் கடலுக்குள் கொண்டுசெல்கிறது. தொட்டியில் எஞ்சிய எரிவாயுவின்மீது சுடர் பட்டால் வெடிப்பு நேர்கிறது. 2014 ஜூனில் அலாங்கில் நிகழ்ந்த அத்தகைய வெடிப்பொன்றில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தனர். ஒடிசா, பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த புலம்பெயர் தொழிலாளர்களே இப்பணியின் பெரும்பகுதியைச் செய்கின்றனர். அஸ்பெஸ்டாஸ் நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் தொழிலாளி ஊர் திரும்பியிருப்பார். எனவே இந்தச் செலவு உடைப்புத் தளத்தின் ஏட்டில் பதிவாவதில்லை. எங்கோ ஒரு சிற்றூரின் மருத்துவச் செலவாக, காரணம் தெரியாத மூச்சிரைப்பாக அது கணக்கின் வெளியே நின்றுவிடுகிறது.

இச்செலவை மனசாட்சியுள்ள ஓர் உரிமையாளர் தானே ஏற்க முன்வந்திருக்கலாமே என்ற கேள்வி எழும். அதற்கு விடை கப்பலின் விலை உறுதிப்படும் முறையில் உள்ளது. பயன் முடிந்த கப்பல் வெற்று எடையின் ஒவ்வொரு டன்னுக்கும் இத்தனை டாலர் என்னும் விலைக்கு விற்கப்படுகிறது. கப்பல் நிறுவனத்துக்கும் உடைப்போருக்கும் நடுவே ரொக்கம் கொடுத்து வாங்கும் இடைத்தரகர்கள் உள்ளனர். கப்பல் பெரும்பாலும் அவர்கள் கைக்கு மாறும், பெயர் மாறும், கடைசிப் பயணத்துக்கென்று ஏதேனும் ஒரு சிறு தீவு நாட்டின் கொடிக்கும் மாறும். பிறகு அலாங், சிட்டகாங், கடானி ஆகியவற்றுள் மிகுந்த விலை தருபவரிடம் அது போய்ச் சேரும். நச்சுக்கழிவை முறையாக அகற்றவும், நீர்புகாத் தளம் அமைக்கவும், தொழிலாளருக்குப் பயிற்சியளிக்கவும் செலவிடும் உரிமையாளர் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டுதான் விலை கூற முடியும். அண்டைத் தளத்தவர் அச்செலவைச் செய்யாவிட்டால் கப்பல் அவருக்கே போகும். ஆக, அலாங்கில் பொறுப்பு என்பது ஏலத்தில் தோற்பதற்கான வழியாக இருந்தது. தனிமனித நல்லெண்ணத்தால் அதை மாற்ற இயலவில்லை. எல்லோருக்கும் பொதுவான விதி ஒன்றே செலவைச் சமப்படுத்தக்கூடியதாக இருந்தது.

அந்த விதி மூன்று திசைகளிலிருந்து வந்தது: இதழியல், நீதிமன்றம், பன்னாட்டு ஒப்பந்தம்.

1997-இல் அமெரிக்காவின் 'பால்டிமோர் சன்' நாளிதழ் கப்பல் உடைப்பு குறித்துத் தொடர் கட்டுரைகளை வெளியிட்டது. அமெரிக்க அரசின் பழைய கப்பல்கள் எங்கே, எப்படி உடைபடுகின்றன என்பதை ஆராய்ந்த அத்தொடர் அலாங்கின் நிலையையும் விரிவாகப் பதிவு செய்தது. அதை எழுதிய கேரி கோன், வில் எங்லண்ட் இருவரும் 1998-இல் புலிட்சர் பரிசு பெற்றனர். அதே ஆண்டு அமெரிக்கா தன் அரசுக் கப்பல்களை வெளிநாடுகளில் உடைப்பதற்காக விற்பதை நிறுத்திவைத்தது.

இந்தியாவில் நச்சுக்கழிவு இறக்குமதியை எதிர்த்து 1995-இல் உச்சநீதிமன்றத்தில் பொதுநல வழக்கொன்று தொடுக்கப்பட்டிருந்தது. அவ்வழக்கில் 1997-இல் அறிவியலாளர் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் உயர்நிலைக் குழு அமைக்கப்பட்டது. 2003 அக்டோபர் 14 அன்று நீதிமன்றம் பிறப்பித்த ஆணை கப்பல் உடைப்புக்கும் நெறிமுறைகளை வகுத்தது. உடைப்பதற்கு முன் கப்பலை அதன் உரிமையாளரே நச்சு நீக்கித் தர வேண்டும். கப்பலிலுள்ள ஆபத்தான பொருள்களின் பட்டியலை முன்கூட்டியே அளிக்க வேண்டும் என்பன அவற்றுள் முதன்மையானவை. செலவு யாருடையது என்ற வினாவுக்கு இந்தியச் சட்ட வரலாறு அளித்த தெளிவான விடைகளுள் இது ஒன்று. கப்பலால் பல பத்தாண்டுகள் பொருளீட்டியவரே அதன் நஞ்சுக்கும் பொறுப்பு என்றது அவ்வாணை.

ஆணைக்கும் நடைமுறைக்கும் உள்ள இடைவெளியை இரண்டு கப்பல்கள் வெளிப்படுத்தின. முதலாவது பிரெஞ்சு விமானந்தாங்கிக் கப்பல் 'கிளமென்சோ'. 2005 டிசம்பர் 31 அன்று துலோன் துறைமுகத்திலிருந்து அலாங் நோக்கி அது இழுத்துச் செல்லப்பட்டது. அதில் எஞ்சியிருந்த அஸ்பெஸ்டாஸின் அளவைப் பற்றி முரண்பட்ட மதிப்பீடுகள் வெளிவந்தன. இந்திய உச்சநீதிமன்றம் அது நுழையத் தற்காலிகத் தடை விதித்தது. பிரான்சிலும் வழக்கு நடந்தது. 2006 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ஷிராக் அதைத் திரும்ப அழைத்தார். பின்னர் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் அது பிரிக்கப்பட்டது. அரசுக்குச் சொந்தமான கப்பல் என்பதால் அதற்கு உரிமையாளர் என்று சுட்டிக்காட்ட ஒருவர் இருந்தார். அதனால்தான் அதைத் திருப்பியனுப்பவும் முடிந்தது.

இரண்டாவது கப்பலுக்கு அந்த வசதி இல்லை. ஒருகாலத்தில் 'பிரான்ஸ்' என்றும் பின்பு 'நார்வே' என்றும் பெயர் பெற்றிருந்த பயணிகள் கப்பல், 'ப்ளூ லேடி' என்னும் பெயரில் 2006-இல் அலாங் வந்தடைந்தது. அதில் ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட அஸ்பெஸ்டாஸ் கலந்த பொருள்கள் இருந்தன. 2007 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் அதை உடைக்க அனுமதித்தது. ஏறத்தாழ 41,000 டன் எஃகு மீட்கப்படும், 700 தொழிலாளர்க்கு வேலை கிடைக்கும் என்பனவற்றையும் நீதிமன்றம் எண்ணிப்பார்த்தது. நிலைத்த வளர்ச்சி என்னும் கருத்தின்படி வளர்ச்சிக்கும் சூழல் பாதுகாப்புக்கும் இடையே சமநிலை காண வேண்டும் என்பது அத்தீர்ப்பின் அடிப்படை.

சுழற்சிப் பொருளாதார ஆய்வாளர்கள் ஆழ்ந்து வாசிக்க வேண்டிய தீர்ப்பு அது. தராசு என்னும் உவமை அங்கே சட்டமொழியாகவே ஒலிக்கிறது. ஒரு தட்டில் வைக்கப்பட்டவற்றுக்கு எண் இருந்தது: இத்தனை டன், இத்தனை பேர். மறுதட்டில் வைக்க வேண்டிய நோய்க்கு அப்படியொரு திட்டமான எண் இல்லை. நீதிமன்றம் அமைத்த தொழில்நுட்ப வல்லுநர் குழுவின் 2006-ஆம் ஆண்டு அறிக்கையிலேயே, பரிசோதிக்கப்பட்ட அஸ்பெஸ்டாஸ் கையாளும் தொழிலாளர்களில் 16 விழுக்காட்டினருக்கு அந்நோயின் தொடக்க அறிகுறிகள் காணப்பட்டதாகக் குறிப்பிருந்தது. இத்தகவல் இருந்தும், பல பத்தாண்டுகளுக்குப் பின் வரக்கூடிய இழப்பை உடனடியாக வரக்கூடிய எஃகுடன் ஒப்பிடும் அளவுகோல் எவரிடமும் இருக்கவில்லை. எண்ணத்தக்கதும் எண்ணப்படாததும் ஒரே தராசில் ஏறும்போது முள் எப்பக்கம் சாயும் என்பது முன்பே தெரிந்ததுதான். மறுபுறம், அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் கரையில் ஏறிவிட்ட கப்பல் அங்கேயே துருப்பிடித்திருக்கும் என்ற உண்மையையும் மறைக்க இயலாது. கரைக்கு வந்த பிறகு கேட்கப்படும் கேள்விக்கு நல்ல விடை இருப்பதில்லை. அது கப்பல் கட்டும்போதும் விற்கும்போதும் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

பன்னாட்டு ஒப்பந்தம் அந்த முன்னிலைக்கே கேள்வியைக் கொண்டுசென்றது. அபாயக் கழிவுகளின் நாடுகடந்த போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் 1989-ஆம் ஆண்டின் பாசல் உடன்படிக்கை கப்பலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. நடுக்கடலில் விற்கப்படும் கப்பல் எந்தக் கணத்தில் கழிவாகிறது, ஏற்றுமதி செய்யும் நாடு எது என்னும் வினாக்களில் அது தடுமாறியது. எனவே 2009 மே மாதம் ஹாங்காங்கில் கப்பல் மறுசுழற்சிக்கெனத் தனி உடன்படிக்கை நிறைவேறியது. ஒவ்வொரு கப்பலும் தன் உடலிலுள்ள ஆபத்தான பொருள்களின் பட்டியலை வாழ்நாள் முழுவதும் உடன்கொண்டு செல்ல வேண்டும். ஒவ்வொரு தளமும் அங்கீகாரம் பெற வேண்டும். ஒவ்வொரு கப்பலுக்கும் தனி உடைப்புத் திட்டம் வேண்டும் என்று அது வகுத்தது.

அது நடைமுறைக்கு வரப் பதினாறு ஆண்டுகள் ஆயின. ஆயினும் அந்த இடைக்காலம் வீணாகவில்லை. 2015-இல் அலாங்கின் சில தளங்கள் ஜப்பானிய வகைப்படுத்தும் அமைப்பான கிளாஸ் என்.கே.யிடம் உடன்படிக்கையின் தரத்துக்கு ஒத்திருப்பதாகச் சான்று பெற்றன. 2016-இல் டென்மார்க்கின் மெர்ஸ்க் நிறுவனம் தன் நிபந்தனைகளை ஏற்கும் அலாங் தளங்களுக்குக் கப்பல் அனுப்பத் தொடங்கியது. அதன்பின் சான்று பெற்ற தளங்களின் எண்ணிக்கை வேகமாகப் பெருகியது. நீர்புகாத் தரைகளும் பாரந்தூக்கிகளும் பரவலாயின. நல்ல தளத்துக்குத் தனிச் சந்தை உருவானதும், முன்பு தோல்விக்கு வழியாக இருந்த செலவு முதலீடாக மாறியது.

2019 நவம்பரில் இந்தியா ஹாங்காங் உடன்படிக்கையில் இணைந்தது. டிசம்பரில் கப்பல் மறுசுழற்சிச் சட்டம் நிறைவேறியது. 2023-இல் வங்கதேசமும் லைபீரியாவும் இணைந்ததால் நிபந்தனைகள் நிறைவடைந்து, 2025 ஜூன் 26 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. வங்கதேசம் இணைந்தது அலாங்குக்கு மிக முக்கியமானது. போட்டியிடும் கரைகளுக்குப் பொதுவான குறைந்தபட்ச விதி அப்போதுதான் உருவாயிற்று.

இத்துடன் கணக்கு முடிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் தனி விதிமுறை இயற்றி, தன் கொடியுடைய கப்பல்களுக்கென அங்கீகரித்த தளங்களின் பட்டியலை வெளியிட்டுவருகிறது. அலாங்கின் தளங்கள் பல விண்ணப்பித்தும் 2024 முடிய அப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஓதப் பகுதியில் கப்பலைக் கரையேற்றும் முறையே அங்கு முதன்மையான தடை. எந்தக் கடல் ஏற்றம் அலாங்கின் முதலீட்டை மிச்சப்படுத்தியதோ அதே ஏற்றம் கசிவைத் தடுப்பதையும் கடினமாக்குகிறது. கப்பலின் கொடியை மாற்றி ஐரோப்பிய விதியிலிருந்து தப்பும் வழக்கமும் ஓயவில்லை. மறுபுறம், அண்மை ஆண்டுகளில் அலாங்குக்கு வரும் கப்பல்களின் எண்ணிக்கை 150-க்கும் கீழே இறங்கியுள்ளது. சரக்குக் கட்டணம் உயர்ந்திருக்கும்போது உரிமையாளர்கள் பழைய கப்பலையும் ஓட்டவே விரும்புவர். தரத்தை உயர்த்தக் கடன் வாங்கிய தளத்துக்குக் கப்பல் வராத ஆண்டு பெருஞ்சுமை. வேலையில்லாமல் ஊர் திரும்பும் தொழிலாளிக்கு அது இன்னும் பெரியது.

அலாங்கிலிருந்து ஆய்வாளர் எடுத்துக்கொள்ள வேண்டியது மாதிரியின் எல்லை பற்றிய எச்சரிக்கை. இலாபத்தையும் சூழல் நலனையும் இரு இலக்குகளாக வைத்துச் சமன்பாடு எழுதுவது எளிது. அச்சமன்பாட்டின் எல்லைக்கோட்டை யார், எங்கே வரைந்தனர் என்பதே கடினமான கேள்வி. அலாங்கில் உருட்டாலை வாயில்வரை மட்டும் கோடு வரைந்தால் அது மிகச் சிறந்த சுழற்சி. ஓதப் பகுதியின் சேற்றையும் உள்ளடக்கி வரைந்தால் விடை மாறும். ஊர் திரும்பிய வெட்டுத் தொழிலாளியின் நுரையீரலையும் சேர்த்தால் மேலும் மாறும். இந்த நாற்பதாண்டுகளில் கோடு வெளிநோக்கி நகர்ந்த ஒவ்வொரு முறையும் அதை நகர்த்தியவர்கள் வழக்குத் தொடுத்தவர்கள், செய்தி எழுதியவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அரசுகள் ஆகியோரே. சந்தை அதைத் தானாக நகர்த்தவில்லை. ஆனால் கோடு நகர்ந்து, விதி எல்லோருக்கும் பொதுவான பின்னர், அதே சந்தை நல்ல தளத்துக்கு விலை கொடுக்கவும் செய்தது.

அடுத்த சில ஆண்டுகளில் காற்றாலை இறகுகளும் சூரியத் தகடுகளும் மின்வாகன மின்கலங்களும் பெருமளவில் ஆயுள் முடிந்து வரும். அவற்றுக்கும் ஏதோ ஒரு கரை தேடப்படும். விற்கத்தக்க பகுதியை மீட்கச் சந்தை தானே வந்துவிடும். விலையற்ற எச்சத்தின் செலவைப் பொருள் தயாராகும் நாளிலேயே அதன் விலையில் எழுதிவைப்பதா, அலாங்கைப் போல நாற்பதாண்டுகள் கழித்து நீதிமன்றத்தில் தேடுவதா என்பது இப்போதே முடிவு செய்யப்பட வேண்டியது.